கைப்பையில் கிடந்த பாட்டரி

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

தொழிற்சாலையில் ஒரு நாள் முழுக்கப் பயிற்சி. கோலாலம்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் எங்களை வட்டமாக உட்கார வைத்தார். தரக் கட்டுப்பாட்டில் நான், பிரேமலா, ரூபேந்திரன். உலர்த்தும் அறையைப் பார்த்துக்கொள்ளும் லெட்சுமணன் அண்ணன். மொத்தம் நால்வர். "பக்கத்தில் இருப்பவரிடம் இதுவரை சொல்லத் தயங்கிய ஒரு குறையைச் சொல்லுங்கள்" என்றார்.

ரூபேந்திரன் பிரேமலாவிடம், "அக்கா, நீங்க ரொம்ப சத்தமா சிரிக்கிறீங்க" என்றான். அவள் சத்தமாகச் சிரித்தாள். பிரேமலா அண்ணனிடம், "டீக்கு சீனிய கொறைங்கண்ணே" என்றாள். நான் ரூபேந்திரனிடம் சட்டையை உள்ளே விடச் சொன்னேன். அண்ணன் என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பயிற்சியாளரிடம், "சுபத்ராம்மாகிட்ட ஒண்ணும் இல்ல சார். எல்லாம் பெர்ஃபெக்ட்" என்றார். மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

இதுதான் எங்கள் பொறுப்புணர்வுப் பயிற்சி. கடைசியில் ஒரு தாள் கொடுத்தார்கள்: சக ஊழியரின் தவற்றை நாம் ஏன் சொல்வதில்லை, ஏழு காரணங்கள். ஏழையும் ஒரே காரணமாகச் சுருக்கியிருக்கலாம். மறுநாளும் அதே கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பயிற்சியாளர் வேலை நேரத்தை நினைத்துப் பார்த்து எழுதச் சொன்னார். சரி, எழுதுகிறேன். வேறு யார் படிக்கப் போகிறார்கள்.

எங்கள் ஊரான மூவாரில் கட்டில் செய்யும் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை. நாங்கள் செய்வது குழந்தைகளுக்கான இரட்டை அடுக்குக் கட்டில், ரப்பர் மரத்தில். பலகையின் ஈரப்பதம் பன்னிரண்டு சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இங்கே ஒன்றும் தெரியாது. காய்ந்த ஊருக்குப் போய், ஹீட்டர் வைத்த அறையில் நின்ற பிறகுதான் மரம் சுருங்கும், பொருத்து கழன்று வரும். அதனால் ஒவ்வோர் அடுக்கிலும் பத்துப் பலகைகளில் மீட்டரின் இரண்டு ஊசிகளைக் குத்தி அளந்து படிவத்தில் எழுத வேண்டும். கீழே இரண்டு கட்டங்கள்: அளந்தவர், சரிபார்த்தவர்.

மீட்டர் என் பொறுப்பு. பல்கலைக்கழகத்தில் மரத் தொழில்நுட்பம் படித்தவள் இந்தப் பிரிவில் நான் ஒருத்திதான். மூன்று வருடத்துக்கு முன் புது மீட்டர் வந்த அன்று, மர வகைக்கான எண்ணை நானே அமைத்து, யாரும் விரல் வைத்துக் குழப்பிவிடாமலிருக்கப் பொத்தானின் மேல் ‘ஜாங்கான் உபா’, மாற்றாதீர்கள், என்று எழுதி, பெயரும் போட்டு ஸ்டிக்கர் ஒட்டினேன். இன்றுவரை யாரும் தொடவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

நான் அளந்தால் பிரேமலா சரிபார்ப்பாள். அவள் அளந்தால் நான். பதினைந்து வருடமாக ஒரே மேசை. காலையும் மாலையும் அவள் காரில்தான் போகிறேன். ஏப்ரலில் மகள் லோஷினியைப் பினாங்கில் புது வேலையில் கொண்டுபோய் விட ஒரு வாரம் லீவு எடுத்தாள், அவ்வளவுதான். மற்றபடி பிரேமலா இல்லாத நாள் எனக்கு நினைவில்லை.

லெட்சுமணன் அண்ணனுக்கு மரத்தை உலர்த்துவதில் தீராத ஆசை. காலையில் நான் ஓகே சொன்ன அடுக்கு ஒன்று, சாப்பிட்டு வந்தால் இருந்த இடத்தில் இல்லை. எங்கே என்றேன். "எடம் பத்தலம்மா, உள்ள தள்ளி வச்சிருக்கேன்" என்றார். அடிக்கடி இப்படித்தான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மீட்டர் பாட்டரி மங்குகிறது. அதே மாதிரி வாங்கக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த வாரத்து வெற்றுப் படிவங்களில் ‘சரிபார்த்தவர்’ கட்டத்தில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுக் கிளம்பினேன். இது என் வழக்கமான வெள்ளிக்கிழமை வேலை. பிரேமலாவை அலைய விடாமல் இருக்க நான் ஆரம்பித்த ஏற்பாடு.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாள் முழுக்க அலுவலகத்தில் மாத அறிக்கை. நாலு மணிக்குத் தலைவலி. பனடோல் தேடிக் கைப்பைக்குள் கையை விட்டால் பாட்டரி.

வெள்ளி மாலையிலிருந்து பையிலேயே கிடந்திருக்கிறது. வாங்கவும் மறந்துவிட்டேன். எங்கள் பிரிவில் இருப்பது ஒரே மீட்டர். அதில் பாட்டரி இல்லை.

மேசையில் பிரேமலாவின் இன்றைய படிவம் இருந்தது. நான்கு அடுக்கு, நாற்பது எண்கள். 10.4, 11.1, 9.8... அழகான கையெழுத்து. கீழே என் கையெழுத்து, வெள்ளிக்கிழமையே போட்டது.

யாரும் பார்க்காத நேரத்தில் பாட்டரியைத் திரும்ப மாட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன்? தெரியவில்லை. கை தானாகச் செய்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காரில், சும்மா கேட்பது போல: "நேத்து மீட்டர் எப்படி இருந்துச்சு?"

"எப்பவும் போலத்தான்க்கா."

ஆகஸ்ட் 15, வெள்ளி

இன்று கேட்டுவிடுவது என்று குளிக்கும்போதே தீர்மானித்தேன். காரில் ஏறினேன். அவள் லோஷினியின் வாடகை அறையைப் பற்றிச் சொன்னாள். பேச்சை நிறுத்தியதும் கேட்கலாம் என்று காத்திருந்தேன். நிறுத்தியதும் சாத்தே கடை வந்துவிட்டது. காலையிலேயே சாத்தே, குச்சியில் சுட்ட இறைச்சி, சாப்பிடுவது வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியம். எனக்கு ஆச்சரியம், அதைச் சாப்பிட்டுக்கொண்டே ஒருத்தி எப்படி இவ்வளவு நிம்மதியாகச் சிரிக்கிறாள் என்பதுதான். கடைசிக் குச்சியை என் தட்டில் வைத்தாள்.

கடைசிக் குச்சியை வைத்தவளிடம் எப்படிக் கேட்பது.

அடுத்த வாரத்துப் படிவங்களில் கையெழுத்துப் போட்டேன். ஆமாம், போட்டேன். போடாவிட்டால் ஏன் என்று கேட்பாளே.

ஆகஸ்ட் 20, புதன்

எழுதவே வெட்கமாக இருக்கிறது. நேற்று முன்தினம் மீட்டர் உறையின் மேல் ஒரு ரப்பர் பேண்டை எனக்கு மட்டும் தெரிந்த விதத்தில் முறுக்கி மாட்டினேன். நாற்பத்தெட்டு வயதில் துப்பறியும் வேலை. இன்று பார்த்தால் முறுக்கு அப்படியே இருக்கிறது. பிரேமலாவின் இரண்டு நாள் படிவங்களும் நிறைந்திருக்கின்றன.

ஆக, அவள் அளப்பதே இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

ரூபேந்திரனிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாம். அவன் முந்திரிக்கொட்டை. புதிதாக வந்தபோது என் அறிக்கையில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறியிருப்பதை எல்லோர் முன்னிலும் காட்டினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. நன்றி சொன்னதாகக்கூட ஞாபகம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தேசிய தினம். எதிர்வீட்டுக் காரில் நாலு கொடி. அந்தக் கார் தேசத்தை விட்டு நகராது, ஆறு மாதமாக டயரில் காற்றில்லை.

வயிரவனிடம் விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் எதையும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுபவரல்ல.

"அவகிட்ட கேட்டியா?"

"அவ வேலை போயிடுங்க. ஏற்கனவே எதிர்த்துப் பேசினதுக்கு ஒரு வார்னிங் லெட்டர் இருக்கு. ரெண்டாவது வந்தா வீட்டுக்கு."

"கேட்டியா, இல்லையா?"

பேப்பரை விரித்துக்கொண்டார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

எது வரக் கூடாது என்று இருந்தேனோ அது வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து மின்னஞ்சல். பதினொரு வீடுகளில் கட்டில் பொருத்து விட்டிருக்கிறது. ஒரு வீட்டில் ஏணிப்படி கழன்று ஆறு வயதுக் குழந்தை விழுந்து மணிக்கட்டு முறிந்திருக்கிறது. படத்தில் பச்சை மாவுக்கட்டு. அதில் யாரோ பூ வரைந்திருக்கிறார்கள்.

மேலாளர் ஓங் எங்களைக் கூப்பிட்டார். பதினொன்றும் ஒரே லாட், ஒரே வாரம் செய்த தொகுதி. அதன் படிவக் கோப்பை ஆவண அறையிலிருந்து எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை வேண்டும், அதில் ஒரு பெயர் இருக்க வேண்டும். துறைமுகத்துக்குப் போகவிருந்த கன்டேனரை நிறுத்திவிட்டார்.

எல்லோரும் தரையைப் பார்த்தோம். இந்தத் தடவை நானும்.

மூன்று வாரத்துக்கு முன்பே கேட்டிருந்தால்? அந்தக் குழந்தைக்கு அதனால் ஒரு பயனும் இல்லைதான், கட்டில் எப்போதோ போய்விட்டது. ஆனால் இந்தக் கன்டேனர்? இதிலும் அவள் எண்கள்தானே. இதை ஏற்றும்போது நான் வாயை மூடிக்கொண்டுதானே நின்றேன். தெரிஞ்சு நின்னேன்.

நாளை கேட்பேன். ஓங்கிடம் போவதற்கு முன் அவளிடம் நேரில் கேட்பேன்.

செப்டம்பர் 3, புதன்

கேட்டுவிட்டேன். சாத்தே கடையில், தட்டு வருவதற்கு முன்பே. வந்துவிட்டால் அந்தக் கடைசிக் குச்சி வேறு இருக்கிறது.

"பிரேமலா, போன மாசம் பதினொண்ணாந் தேதி மீட்டர்ல பாட்டரியே இல்ல."

"அப்படியா?"

"என் பையில இருந்துச்சு. நீ நாப்பது ரீடிங் எழுதியிருக்க."

தண்ணீரைக் குடித்தாள். "எழுதினேன். அளந்துதான் எழுதினேன்."

"எதை வச்சு?"

"உலர்த்துற ரூம்ல இருக்கிற லெட்சுமணன் அண்ணன் மீட்டர். நீங்க ஸ்டிக்கர் ஒட்டின மீட்டரை நான் தொட்டே மூணு வருஷமாச்சுக்கா."

ஏன் என்று கேட்டேன்.

"அது ரெண்டு பாயின்ட் கொறைச்சுக் காட்டும். பழைய மீட்டர்ல ரப்பர் மரம் மூணாம் நம்பர். புதுசுல நாலு. நீங்க பழைய ஞாபகத்துல மூணுல வச்சு, மேல ஒட்டிட்டீங்க."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"அலமாக், யாருக்குத் தெரியாதுன்னு கேளுங்க. கேன்டீன்ல மீ கோரேங் நூடுல்ஸ் போடுற மலாய் மக்சிக், அந்தம்மாவுக்குத் தெரியாது."

சிரிக்கவில்லை அவள். நான் அளந்த ஒவ்வோர் அடுக்கையும், கையெழுத்துப் போடும் முன் அண்ணன் மீட்டரை வைத்து அவள் மறுபடி அளந்திருக்கிறாள். ஈரமாக இருந்தால் அண்ணனிடம் சொல்வாள். அண்ணன் நான் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து அடுக்கை உலர்த்தும் அறைக்குள் தள்ளுவார். மூன்று வருடமாக! ‘எடம் பத்தலம்மா.’

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல? மூணு வாரமா வண்டில ஒரு மாதிரி வந்தீங்க. நான் பொய்யா எழுதுறேன்னு நெனச்சுட்டுத்தானே பக்கத்துல ஒக்காந்து வந்தீங்க?"

மூன்று வாரம் பெரிதா, மூன்று வருடம் பெரிதா என்று கேட்க வாய் வந்தது. தட்டு வந்துவிட்டது. இருவரும் சாப்பிடவில்லை.

எழுந்திருக்கும்போது கேட்டாள்: "அந்த லாட் எந்த வாரம்னு பாத்தீங்களா?"

"இன்னும் இல்ல."

"பாருங்கக்கா."

செப்டம்பர் 4, வியாழன்

பார்த்தேன். ஏப்ரல் 21 முதல் 25 வரை. பிரேமலா பினாங்கில் இருந்த வாரம்.

அளந்தவர்: சுபத்ரா. ஐந்து நாளும். அழகாகத்தான் எழுதியிருக்கிறேன். எல்லாம் பத்தும் பதினொன்றும். இரண்டைக் கூட்டினால் பன்னிரண்டும் பதின்மூன்றும்.

சரிபார்த்தவர்: ரூபேந்திரன்.

அவனைக் கூப்பிட்டேன். "மீட்டர் தப்புன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சும் ஏன் போட்ட?"

நகத்தைப் பார்த்தான். "மொத மாசம் ஒரு புள்ளி தப்புன்னு காட்டினேன். ரெண்டு வாரம் நீங்க எங்கிட்ட பேசலக்கா. குட் மார்னிங் சொன்னாக்கூட மானிட்டரைத்தான் பாப்பீங்க. நான் ரிசைன் லெட்டர் எழுதி வச்சிருந்தேன்."

"நான் வேலையா இருந்திருப்பேன்."

"ரெண்டு வாரமா?"

அண்ணனிடம் போனேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "பிரேமலா சொன்னாத்தான் எடுத்து உள்ள விடுவேன். அந்த வாரம் சொல்ல ஆள் இல்ல. படிச்ச புள்ள செட் பண்ணது, நான் போயி... நான் ஆறாம் கிளாஸும்மா."

உட்காருங்கள் அண்ணே என்றேன். உட்காரவில்லை.

வீட்டில் வயிரவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறேனா என்று கேட்டேன்.

"ரெண்டு வாரம்தானா அவனுக்கு? எனக்கு ஒரு மாசம் வரும்."

செப்டம்பர் 5, வெள்ளி

ஓங்கின் மேசையில் மீட்டரை வைத்து, ஸ்டிக்கரை அவர் எதிரில் உரித்தேன். உரிந்து வரவில்லை, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. மூன்று வருடக் கோந்து. அவரே பேப்பர் கத்தியை எடுத்து நீட்டினார். பிறகு ஒரு பலகையில் மூன்றாம் எண்ணில் வைத்து ஒரு தடவை, நாலாம் எண்ணில் வைத்து ஒரு தடவை குத்திக் காட்டினேன்.

அறிக்கையில் போட வேண்டிய பெயரைச் சொன்னேன்.

மலாயில் கேட்டார்: மூன்று வருடமாக ஒருத்தருமே சொல்லவில்லையா?

எத்தனையோ பதில் இருந்தது. ‘அவர்களுக்கெல்லாம் தெரியும்’ என்ற பதில் நாக்கு நுனியில் நின்றது. உண்மையும்கூட. ஆனால் அந்த உண்மையை வைத்து நான் செய்ய நினைத்தது வேறு வேலை. சொல்லும் அளவுக்கு நான் இடம் கொடுக்கவில்லை என்றேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. அந்த லாட் கட்டில்களுக்கெல்லாம் மாற்று ஏணியும் பொருத்தும் அனுப்புகிறார்கள். குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டு வைக்க அடுத்த வாரத்துப் படிவங்கள் மேசையில் இருந்தன. போடவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

நிறுத்தி வைத்த கன்டேனரைப் பிரித்து நால்வரும் அளந்தோம். ஒன்றுகூட ஈரமில்லை. பிரேமலா ஒவ்வொன்றையும் அளந்து என்னிடம் எண்ணை உரக்கச் சொன்னாள். தேவைக்கு மேலே உரக்க. நான் எழுதினேன்.

ஒரு விஷயம் உறைக்கிறது. இத்தனை வருடமும் ‘சரிபார்த்தவர்’ கட்டத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது அவள் ஒருத்தி. பார்க்காமலே போட்டது நான். அதற்கு ஏற்பாடு என்று பெயரும் வைத்திருந்தேன்.

பயிற்சித் தாளைத் தேடி எடுத்தேன். ஏழு காரணங்களில் ‘சுபத்ராவின் முகம்’ இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

காரில் பேச்சில்லை. ரேடியோ மட்டும்.

செப்டம்பர் 11, வியாழன்

மன்னிப்பு என்ற சொல்லை நான் எழுதியிருக்கிறேனே தவிர வாயால் சொல்லிப் பழக்கமில்லை. சிக்னலில் நிற்கும்போது சொன்னேன். "ஒன்ன சந்தேகப்பட்டது தப்பு. ரப்பர் பேண்டெல்லாம் மாட்டி வச்சேன்."

"என்ன பேண்டு?"

சொன்னேன். முறுக்கு உட்பட.

ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். பச்சை விழுந்து, பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தும் சிரிப்பு நிற்கவில்லை. "அக்கா, சிஐடி வேலைய விட்டுட்டு இங்க வந்து கட்டில் செய்றீங்களே லா."

செப்டம்பர் 24, புதன்

மீட்டரில் புது ஸ்டிக்கர். எழுதியது ரூபேந்திரன்: ‘சந்தேகம் வந்தா கேளு.’ கையெழுத்து கோணல். சொல்லலாம் என்று நினைத்தேன். விட்டுவிட்டேன். அது கோணலாகவே இருக்கட்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

திங்கள் தீபாவளி. பாதிப் பேர் இன்றே லீவு.

காலையில் ரூபேந்திரன் என் படிவத்தைக் கொண்டுவந்து வைத்தான். "அக்கா, மூணாவது வரி பதினொண்ணா, பதினேழா?"

"பதினொண்ணு."

"அப்ப பதினொண்ணுன்னு தெரியிற மாதிரி எழுதுங்க."

எழுதிக் கொடுத்தேன். முகம் எப்படி இருந்ததோ. மானிட்டரைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவனிடம் ஸ்டாப்லர் கேட்டேன். பிரேமலா கடிகாரத்தைப் பார்த்து, "எட்டு நிமிஷம்" என்றாள். "போன வாரம் இருவது." நான் மறுபடி பேச எவ்வளவு நேரம் ஆகிறது என்று கதவின் பின்னால் தொங்கும் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்கள். அண்ணனும் உடந்தை. அவரே வந்து உட்கார்ந்து, "நல்ல இம்ப்ரூவ்மென்ட்மா" என்றார். அவர் என்னிடம் உட்கார்ந்துகொண்டே சொன்ன முதல் வாக்கியம் அது.

பத்து மணிக்குப் பிரேமலா முறுக்கு டப்பாவைத் திறந்தாள். ஒவ்வொரு வருடமும் கொண்டுவருவாள். ஒவ்வொரு வருடமும் நன்றாக இருக்கிறது என்பேன்.

"பிரேமலா, முறுக்குல உப்பு ஜாஸ்தி."

அண்ணன் மெல்லுவதை நிறுத்தினார்.

"இந்த வருஷமா?"

"எல்லா வருஷமும்."

"பதினஞ்சு வருஷமாவா?"

"ஆமா."

டப்பாவை மூடினாள். அதன்பின் பேசவில்லை. நான் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். எட்டு நிமிடம் ஆனது, இருபது ஆனது, மத்தியானமும் ஆனது. ரூபேந்திரன் பென்சிலை எடுத்துக் காலண்டர் பக்கம் போய், அவள் பார்வையைக் கண்டு திரும்பி வந்தான்.

மாலையில் கார். பாலம் தாண்டும் வரை ரேடியோ மட்டும்.

"எவ்வளவு கொறைக்கணும்?"

"பாதி."

"வீட்டுல இன்னும் மாவு இருக்கு. உப்பு போட்டுப் பெசஞ்சது."

"அரிசி மாவு சேத்துப் பாக்கலாம்."

என் வீட்டுத் திருப்பத்தில் அவள் திருப்பவில்லை. நேராகத் தன் வீட்டுக்கு ஓட்டினாள்.

அவள் சுட்டெடுத்த முதல் ஈட்டைக் கடித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் அரிசி மாவு வேண்டும் என்றேன். சேர்த்தாள்.